ஈரத்துக்குக் கழித்தது

இராசம்மாவை மேடைத் தராசில் ஏற்றிவிட்டவள் சீதா. எண்பத்திரண்டாம் வருடம், தேயிலைத் தோட்டத்தில் ஒரு சம்பள நாள். கொழுந்து மூட்டைகளை நிறுத்துக் கணக்கெழுதி முடித்த கிராணி எழுதுகோலை மூடப் போனார்.

"கிராணி, இந்த மூட்டைய மறந்துட்டீங்க. ஈரத்துக்குக் கழிச்சிக்குங்க," என்றாள் சீதா.

மழையில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கொஞ்சம் கழிப்பது வழக்கம். பெண்கள் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார். இராசம்மாவும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

முன்பு அவளும் மலையேறிக் கொழுந்து எடுத்தவள்தான். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு ஆயாக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்குப் பால் கரைக்க வேண்டும், தூளி ஆட்ட வேண்டும். உட்கார்ந்தே செய்கிற வேலை. பிள்ளைகள் மிச்சம் வைத்த ரொட்டியை வீச மனம் வராது. உடம்பு போட்டுவிட்டது.

தராசில் ஏறிய மறுநாள் முதல் நடந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தார்ச்சாலை வரை ஏற்றம். விடிந்தும் விடியாத பனியில் யார் கண்ணிலும் படமாட்டாள்.

முதலில் ஒன்றும் குறையவில்லை. பிறகு குறைந்தது. வேகமாகக் குறைந்தது. பசி போனது. எல்லோரும் கம்பளிக்குள் நடுங்கும் குளிரில் அவளுக்கு மட்டும் இரவில் வியர்த்து மெத்தை நனைந்தது. கொழுப்பு கரைகிறது என்று நினைத்தாள். கழுத்தோரம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. கரையாமல் மிஞ்சியது என்று நினைத்தாள். ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

கணவன் வேலப்பன் லோரி ஓட்டுபவன். பிரிஞ்சாங் கடைத்தெருவில் எப்போதும் நாலடி முன்னால் போவான். இப்போது பக்கத்தில் நடந்தான். நடக்கக் கான்வாஸ் சப்பாத்து வாங்கிக் கொடுத்தான்.

தீபாவளிக்கு முன் பெண்கள் அவளை மறுபடி தராசில் ஏற்றினார்கள். கிராணி முள்ளை இரண்டு முறை பார்த்தார்.

"அத்தனையும் ஈரந்தானா?" என்றார்.

அடுத்த நாள் காலை, அவளோடு நடப்பதற்காகப் பெண்கள் லயத்தின் முனையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் சீதா.

சீதா தொழிற்சாலையில் உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்குகிறவள். அவளும் பருமன்தான். ஒரு நாள்கூட நடையை விடவில்லை. உடம்பு அப்படியே இருந்தது. அவள் கணவன் செல்லையா பலர் முன்னால் கேட்பான், "இராசம்மாக்காவப் பாரு. நீ நடக்கப் போறியா, மேயப் போறியா?" இராசம்மா கேட்டுக்கொண்டு நிற்பாள்.

குழாயடியில் ஒரு நாள் சீதா இளைக்க வழி கேட்டாள்.

"வாயக் கட்டணும் சீதா. நீ ஒளிச்சுத் திங்கிற."

சீதா தலை குனிந்தாள். அது இராசம்மாவுக்கு இனித்தது.

அன்றிலிருந்து சீதா ஒரு வேளைதான் சாப்பிட்டாள். தை மாதம் தேயிலை சலிக்கும் இடத்தில் மயங்கி விழுந்தாள். மறுநாளும் நடக்க வந்தாள்.

அந்த வாரம் ஏற்றத்தில் இராசம்மாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் டிரசரிடம் போனாள். மெலிந்ததற்காக முன்பு அவளைப் பாராட்டியவர் அவர். தலைப்பை விலக்கச் சொன்னார். கழுத்தைத் தொட்டார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஊசி குத்தி, கட்டியில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். லிம்போமா, நிணநீரில் வரும் புற்றுநோய் என்றாள் டாக்டர். இளம் தமிழ்ப் பெண். மருந்து இருக்கிறது, முடி கொட்டும், குணமாகவும் செய்யலாம் என்றாள். கூட வந்த வேலப்பன் சுவரைப் பார்த்தான்.

இராசம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். உட்கார்ந்து தின்று பெருத்ததால் வந்ததா?

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. ஒல்லியானவங்களுக்கும் வருது."

"நடந்துதானே இளைச்சேன்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நடந்ததால இருக்கலாம். மிச்சம் நோய் தின்னது."

நடை நல்லதுதான், முடிந்தவரை விட வேண்டாம் என்றும் சொன்னாள். அது இராசம்மாவின் காதில் சரியாக விழவில்லை. குழாயடியில் குனிந்த தலை கண் முன் நின்றது.

திரும்பி வந்த மறுநாள் விடியலில் சீதா கதவைத் தட்டினாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. இடுப்பு அப்படியே இருந்தது.

"வாங்கக்கா. எல்லாரும் நிக்கிறாங்க."

"சாப்பிட்டியா?"

"நேத்து மத்தியானம்."

இராசம்மா கதவைச் சாத்தினாள். தலைப்பை விலக்கினாள். சீதாவின் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். கை சட்டென்று விலகியது. பிறகு தானாகத் திரும்பி வந்து தொட்டது.

"இதுதான் என்னைக் கரைச்சது. நடை இல்ல."

"எப்பலேர்ந்துக்கா?"

"உன்னத் திட்டுனப்பவே இருந்துச்சு."

சீதா கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். இராசம்மா ரொட்டியை எடுத்து நீட்டினாள். சீதா வாங்கினாள். நின்றபடியே, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தின்றாள்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். இராசம்மாவின் கை வழக்கம்போல் தலைப்பை இழுக்கப் போனது. நிறுத்திக்கொண்டாள். தலைப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். கதவைத் திறந்தாள்.

பெண்கள் முதலில் அவள் இடுப்பைத்தான் பார்த்தார்கள். பிறகு பார்வை மேலே, கழுத்துக்கு ஏறியது.