சாவகச்சேரிக்குப் போன சத்தியக்கடதாசி

மழை பஸ் கண்ணாடியில் வழிய, மடித்த தாளைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் மறைத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அது எண்பத்துமூன்று, தனிநாடு கேட்கமாட்டேன், கேட்பவரை ஆதரிக்கவும் மாட்டேன் என்று அரசாங்க உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் ஒரு சட்டத்தரணியின் முன்னால் சத்தியக்கடதாசியில் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் தொழில் இல்லை என்று சட்டம் வந்த வருடம், மேடை மேடையாகத் தனிநாடு கேட்டுத் தொண்டை கட்டிய சட்டத்தரணி என் கணவர், நான் சத்தியம் செய்யேன் என்று கறுப்புக் கோட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், நானோ அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு பேரும் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் என்ன சாப்பிடும், வேடிக்கை என்னவென்றால் ஊரிலுள்ள தபாற்காரர், கிளாக்கர் எல்லாரும் தவணை முடியும் கடைசி நாள்வரை அந்தக் கடதாசியோடு இவரிடம்தான் வந்தார்கள், இவரும் முகம் கோணாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார், அந்த வரிசையில் போய் நிற்க எனக்குத்தான் தைரியம் இல்லை, ஊரை மன்னிப்பார், பெண்சாதியை மன்னிப்பாரோ என்ற பயம், அதுதான் இராசநாயகம் என்ற வேறொரு சட்டத்தரணியைத் தேடி இந்தப் பஸ்.

பிறகு இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, என் சம்பளம் வந்தது, இவர் டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தார், பிள்ளைகள் வளர்ந்தார்கள், நாங்கள் சந்தோசமாகத்தான் இருந்தோம், ஆனாலும் உள்ளுக்குள் என்னைக் குறைவாக நினைக்கிறாரோ என்று நாற்பது வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது, இன்று காலை கறையான் பிடித்த கோப்புகளை வெயிலில் பரப்பும்போது ஒரு தாள், இவருடைய கையெழுத்தில் என் முழுப்பெயர், என் பள்ளிக்கூடம், அதே சத்தியம், கீழே இவருடைய சாட்சிக் கையெழுத்து, என்னுடைய இடம் மட்டும் வெறுமை, இது என்ன என்கிறேன், உமக்கெண்டு எழுதி வச்சது, நீர் வருவீரெண்டு பாத்தன், வரேல்லை என்கிறார், நான் கையெழுத்து வைக்கிறதைப் பாக்க முந்தியே நீங்கள் சாட்சி வச்சிருக்கிறியள், அது பிழையெல்லோ என்கிறேன், பிழைதான், தொழிலிலை நான் தெரிஞ்சு விட்ட ஒரே பிழை, நீர் வந்ததை இராசநாயகம் அடுத்த நாளே சொல்லிப்போட்டான், நீர் கையெழுத்து வச்சதிலை எனக்கொரு கோவமுமில்லை, என்னட்டை வராமல் அவனட்டைப் போனீர் பாரும், அதுதான் மனவருத்தம் என்கிறார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது, இத்தனை வருடமும் வீணாய்ப் பயந்தேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது, பேனையைத் தாருங்கோ என்று வாங்கி வெறும் இடத்தில் கையெழுத்து வைக்கிறேன், திகதி என்னத்தைப் போட என்கிறேன், இண்டையதையே போடும், நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன் என்கிறார்.