பொட்டு வைத்த டிஸ்க்

எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு இருபத்துநாலு வயது. ஓனர் பீமராவின் மகன் சித்தார்த்தனுக்கு இருபத்தாறு. இரண்டில் எது உருப்படியாக வேலை செய்யும் என்று துவாக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

இரும்புத் தகடுகளைக் கேஸ் தீயால் வடிவம் வடிவமாக வெட்டும் மெஷின் ஒன்று எங்களிடம் உண்டு. அதை ஓட்டுவது இந்தக் கம்ப்யூட்டர். மெஷினோடு பேசும் அட்டை இந்தப் பழைய பெட்டிக்குள் மட்டும்தான் உட்காரும். மெஷின் செய்த கம்பெனியை மூடிப் பல வருஷமாகிறது. ஆகவே பெட்டியை மாற்ற வழியில்லை.

அதில் வேலை செய்பவள் அனுசுயா. தொட்டியத்துப் பக்கம் வாழைத்தார் சுமந்த குடும்பம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தாள். மெஷினை ரிப்பேர் பார்க்க வந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றே கற்றுக்கொண்டாள். எந்தத் தகட்டில் எங்கே துளை, எங்கே வளைவு, தீ என்ன வேகத்தில் நகர வேண்டும் என்று ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு புரோகிராம் அடித்து வைத்திருந்தாள். அறுநூறுக்கு மேல் இருக்கும். ஆனால் பட்டறை ரிஜிஸ்டரில் அவள் இன்னும் ஹெல்பர். ஆபரேட்டர் என்று எழுதித் தரும்படி மூன்று தடவை கேட்டாள். எழுத்தில் என்ன இருக்கிறது, உன்னை ஆபரேட்டராகத்தானே நடத்துகிறோம் என்று ஓனர் மூன்று தடவையும் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் எழுதித் தொலைப்பதற்கு என்ன? இதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. வெல்டர் மருதை என்று பேர் வைத்துக்கொண்டு தீக்கு முன்னால் மார்பு காட்டி நிற்கிற நானும் கேட்கவில்லை.

சித்தார்த்தன் சென்னையில் இரண்டு வருஷம் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்ததிலிருந்து அவன் வாயில் ஒரே சொல், அப்கிரேட். கம்ப்யூட்டருக்கு மெமரியை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிட்டால் மெஷின் பறக்குமாம். பிறகு டிப்ளமா படித்த ஒருவனை அதில் உட்காரவைத்து, அனுசுயாவைக் கிரைண்டிங் பக்கம் அனுப்பிவிடலாமாம். இதை அவளை வைத்துக்கொண்டே சொன்னான். ஹெல்பரை எங்கே வேண்டுமானாலும் போடலாமே.

"தீ போற வேகத்துலதான் தகடு வெட்டும். கம்ப்யூட்டர் பறந்து என்ன பண்ணப்போகுது?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றான்.

புதன்கிழமை வேலை வைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓனர் ஸ்ரீரங்கத்திலிருந்து சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் காலையிலேயே வந்துவிட்டார். பெட்டியைத் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். எஞ்சினியரிங் படித்தவனுக்குத் திருப்புளி பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

முதலில் மெமரி. பழைய துண்டைப் பிடுங்கிவிட்டு, செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்கிய பெரிய துண்டுகள் இரண்டைச் செருகினான். ஆன் செய்ததும் மெமரி போதவில்லை என்று திரையில் வந்தது. எட்டு மடங்குக்கும் மேலே போட்டிருக்கிறான், போதவில்லை என்கிறது. கழற்றினான், ஊதினான், மறுபடி செருகினான். அதே பதில். முகம் சிவந்துபோயிற்று.

"ஒண்ண எடுத்துடுங்க சார்" என்றாள் அனுசுயா. "இது அந்தக் காலத்து விண்டோஸ். அளவுக்கு மேல குடுத்தா கணக்குப் பார்க்கத் தெரியாம முழிக்கும்."

அவன் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, அவள் தண்ணீர் குடிக்கப் போனதும் ஒன்றை எடுத்தான். ஓடியது. தானே கண்டுபிடித்தவன் போல அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினான். அவரும் பூரித்துப்போனார். பிள்ளை பெற்றவர்களுக்குக் கண் தெரியாது என்பதற்கு இவரைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்து ஃபிளாப்பி டிரைவைக் கழற்றச் சொன்னான். அது மியூசியத்தில் வைக்கிற சாமான் என்று சிரித்தான். கழற்றிக் கொடுத்தேன். ஸ்கிராப் குவியலில் வீசினான். அனுசுயா அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஹார்ட் டிஸ்க். புதிது என்று அவன் கொண்டுவந்ததும் பழைய காலத்துச் சரக்குதான், கொள்ளளவு மட்டும் அதிகம். கடைக்காரனே அதில் விண்டோஸையும் எங்கள் வெட்டும் மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்திருந்தான். ஆனாலும் பழைய டிஸ்க்கை அப்படியே புதிதின் மேல் நகல் எடுப்பதுதான் சரியான முறை என்றான் சித்தார்த்தன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம், லேபிள் தேய்ந்தவை. எது பழையது என்று கேட்டான்.

"பொட்டு வெச்சது பழசு" என்றேன்.

எங்கள் ஓனருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். இவர் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே இருக்கிற டிஸ்க்குக்கும் வைப்பார். வேலை செய்வது உள்ளே இருப்பதுதானாம். இத்தனை வருஷச் சந்தனம் அதன் மேல் காய்ந்து கிடந்தது. வேலை செய்கிறவர்களுக்கு மரியாதை செய்ய அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் இரும்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் திருஷ்டிப் பூசணிக்காயை எடுத்துவர வாசல் கேட்டுக்குப் போனேன். அனுசுயாவைத் தகடு எண்ணிவர அனுப்பியிருந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து காரியத்தை முடித்துவிட்டார்கள். புதிய டிஸ்க்குக்குப் பொட்டு இல்லாமல் நல்ல காரியத்தைத் தொடங்குவதா என்று ஓனர் அதற்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் பளபளக்க வைத்தார். பழையதின் மேல் அழுக்காக இருக்கிறதே என்று மகன் துணியால் துடைத்துவிட்டான். பன்னிரண்டாக இருபது நிமிஷம். பொட்டு வைத்ததைப் பழையது என்று மாட்டி, நகல் எடுக்கும் பொத்தானைத் தட்டினான். இரண்டு தடவை நிச்சயமா என்று கேட்டதாம் அது. ராகு காலம் பிறக்கப்போகிறது, படிக்க ஏது நேரம்.

பூசணிக்காயோடு வந்தேன். நகல் முடிந்தது. ஓனர் கற்பூரம் காட்டினார். பூசணியை உடைத்தோம். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து நின்றது. இவ்வளவு வேகமாக அதை நாங்கள் பார்த்ததே இல்லை. திரும்பி வந்த அனுசுயா நின்றபடியே குனிந்து புரோகிராம்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒன்றுகூட இல்லை. மற்ற டிஸ்க்கை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். அதிலும் இல்லை. வெறும் டிஸ்க்கைப் பத்தொன்பது வருஷத்தின் மேல் நகல் எடுத்திருந்தான்.

சனிக்கிழமை லாரி வருகிறது. பாய்லர் வேலைக்கு நூற்று நாற்பது தகடுகள், எட்டு வடிவம். பழையபடி அடித்துச் சரிபார்க்கவே இரண்டு வாரம் பிடிக்கும்.

சித்தார்த்தன் என் பக்கம் திரும்பினான். "நீதானே பொட்டு வெச்சது பழசுன்னு சொன்னே?"

நான் ஓனரின் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் குங்குமம் இருந்தது. அவர் கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு திருஷ்டி பட்டுவிட்டது என்று முனகினார்.

அன்று முழுக்க மகன் போனில் யார் யாரையோ கூப்பிட்டான். வியாழன் காலை அனுசுயா வழக்கம் போலக் கிழக்குக் கதவு வழியாக வந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் பிஸ்கட் டின். டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஓனருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் பயந்துபோய், ஒவ்வொரு புரோகிராமையும் ஃபிளாப்பியில் எடுத்து வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாள். போன மாதம் வரைக்கும் அடித்தது எல்லாம் இருக்கிறதாம்.

ஓனர் எழுந்து கை நீட்டினார். அவள் டின்னைக் கொடுக்கவில்லை.

"லெட்டர்ஹெட்ல எழுதுங்க சார். அனுசுயா, கட்டிங் மெஷின் ஆபரேட்டர். மெஷின்ல உட்கார்ந்த வருஷத்துலேர்ந்து."

"கம்பெனி டேட்டாவை வெச்சுக்கிட்டு மிரட்டறியா?" என்றான் சித்தார்த்தன்.

"கம்பெனி டேட்டாவை நீங்க நேத்து அழிச்சுட்டீங்க. இது ஹெல்பர் வீட்டு பிஸ்கட் டின்."

நான் சிரித்துவிட்டேன். அதற்குக்கூட அவள் முதலில் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

ஓனர் எழுதினார். இந்த வருஷத் தேதியிலிருந்து என்று எழுதிப் பார்த்தார். அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள். வேறு தாளில் சரியாக எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டார். ரிஜிஸ்டரையும் கொண்டுவரச் சொல்லித் திருத்தவைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மருதண்ணே, அந்த டிரைவை எடுத்துட்டு வாங்க. ஆங்கிள் துண்டுக்கும் பழைய சங்கிலிக்கும் நடுவுல கிடக்கும்."

அங்கேதான் கிடந்தது. துடைத்து மாட்டினேன். அவள் டின்னின் மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் பேனாவால் எண் போட்டிருந்தது, பேர் போட்டிருந்தது, தேதி போட்டிருந்தது. ஓனர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"இதுக்கு வேணாம் சார்" என்று மூடியைப் பாதி சாத்திக்கொண்டு, முதல் ஃபிளாப்பியைச் செருகினாள்.