பிளாஸ்திரி ஒட்டிய பெட்டி

இராஜபாளையத்தில் காயத்துணியும் பிளாஸ்திரியும் செய்கிற கம்பெனியில் அனுசியாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏழு வருடத்துத் தரச் சான்றுகள் ஒரு சர்வர் பெட்டியில், நான்கு டிஸ்க்குகளில் பிரிந்து கிடந்தன. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் அதன் பாரத்தைச் சுமக்கும். இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம் ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி கீச்கீச்சென்று கத்தியது.

"வேலை செய்யுதுல்லம்மா?" என்றார் முதலாளி கௌதம்ராஜ்.

"செய்யுது சார், ஆனா..."

"பொறவென்ன?"

மேனேஜர் சங்கரலிங்கம் சத்தம் வந்த ஓட்டையில் கம்பெனிப் பிளாஸ்திரியை ஒட்டினார். வியாதி தீர்ந்தது.

அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூரில் லீவில் இருந்தபோது, சங்கரலிங்கமே பூசைக்காகப் பெட்டியை அணைத்து, டிஸ்க்குகளை உருவித் துடைத்து, தோன்றிய வரிசையில் செருகினார். நான்கு விளக்கின் மேலும் சந்தனம், குங்குமம். செத்ததும் இருப்பதும் ஒரே மாதிரி சிவந்திருந்தன.

அனுசியா கெஞ்சிக் கேட்ட புது டிஸ்க் வெள்ளிக்கிழமைதான் வந்தது. அன்று மூன்று மணிக்கு வெளிநாட்டு ஆர்டருக்கான ஆடிட்டர் வருகிறார். சான்று இல்லையென்றால் ஆர்டர் போகும். பொறுப்பாளர் என்று கையெழுத்திட்ட அனுசியாவின் வேலையும் போகும்.

அவள் ஈரத்துணியை எடுத்தாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டையா அழிக்கப் போற?" என்று மறித்தார் சங்கரலிங்கம்.

"எது கெட்டதுன்னு பாக்கணும் அண்ணாச்சி."

"தொட்டாத் தெரியாதா?" காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்தவர், சூடாக இருந்ததைச் சடக்கென்று உருவினார். செத்தது சூடாகாது, உழைப்பதுதான் சூடாகும். திரையில் ஏழு வருடமும் மறைந்தது.

"நல்லா இருந்த பெட்டியை இந்தப் பிள்ளை..." என்று ஆரம்பித்தார் சங்கரலிங்கம்.

அனுசியா, அவர் உருவியதைத் திரும்பச் செருகி, நான்கு பொட்டையும் துடைத்து, பெட்டியை மறுபடி எழுப்பினாள். கடைசிப் பொட்டுக்கடியில் சிவப்பு தெரிந்தது. சான்றுகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. செத்ததை எடுத்துப் புதியதைப் போட்டாள். அதில் எல்லாம் நிரம்ப ஆறு மணி நேரம் ஆகும்; அதுவரை பெட்டியின் கத்தலும் ஓயாது.

மூன்று மணிக்கு வந்த ஆடிட்டர் சான்றுகளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"எங்க சரக்குதான் சார். பன்னெண்டு நாளா உரியலை!" என்றார் முதலாளி பெருமையாக.

ஆடிட்டர் நகத்தால் நெம்பி, படக்கென்று பிய்த்தார். பெட்டி வீறிட்டுக் கத்தியது.

"பிய்ச்சா வலிக்கும்லா சார்?" என்றார் சங்கரலிங்கம்.

'ஒட்டும் திறன்: மிக நன்று' என்று எழுதி, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார்.