கேஸ் அவனும் கரண்ட் அவனும்

1

இது கட்டுரையாகத்தான் பிறந்தது. வீட்டுச் சமையலுக்கு கேஸ் அடுப்பு நல்லதா, மின் அடுப்பு நல்லதா என்று எழுத உட்கார்ந்தேன். "கேஸ் அவனில் சூடு கீழிருந்துதான் வரும்" என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். வெகுநேரம் அதை மறுபடி எடுக்கவில்லை. கேக் வேகும் பெட்டிக்கு நாம் ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கிய பெயர் அவன். யார் அவன்? கட்டுரை அங்கேயே உயிரை விட்டது.

2

தொடக்கம்: அவனை அணைத்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது கணவர்—

(வேண்டாம். முதல் வரியிலேயே குடும்பம் கலைந்துவிடும்.)

இன்னொரு தொடக்கம்: வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வேலை முடிந்து திரும்பினார். ஆர்டருக்கு கேக் செய்து விற்கும் அவர் மனைவி, சமையலறையில் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றவில்லை.

"கேஸ் அவன் சரிப்படலக்கா. கீழ மட்டும்தான் சூடு. மேல ஒண்ணுமே இல்ல. நானும் எத்தன வருஷம் சமாளிக்கிறது? கரண்ட் அவனைக் கொண்டு வந்துடலாம்னு பாக்குறேன். மேலயும் கீழயும் ஒரே சூடு. பழைய அவனை யாராவது கேட்டா சும்மாவே குடுத்துடுவேன்."

(திணை காட்டும் ஒரு வினைமுற்று வந்திருந்தால் அஃறிணை என்று தெரிந்து பிழைத்திருப்பார். அவளை அப்படிப் பேசவைத்தது நான்தான்.)

கேஸ் அவன், சிலிண்டர் போடும் அவரே. கரண்ட் அவன், தெருமுனை எலக்ட்ரீஷியன். கணக்கு சரியாக வந்தது. கைவிடப்படுவதைக்கூட அவரால் விழுங்க முடிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'அவர்' ஆக இருந்தவர், ஒரே போனில் 'அவன்' ஆனதுதான் தொண்டையில் நின்றது.

3

வீட்டில் இருக்கும் பெட்டியின் பெயர் ஒருவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது எப்போதும் 'கேக் பொட்டி'.

அவர் சண்டை போடவில்லை. வீட்டுக்குள்ளும் கம்பளிக் குல்லாயோடு திரிய ஆரம்பித்தார்.

"என்னங்க, காய்ச்சலா?"

"தொட்டுப் பாரு. கீழ இல்ல, மேல."

"மண்டை கொதிக்குது!"

"கொதிக்குதுல்ல? அப்ப மேலயும் சூடு இருக்குல்ல?"

அவள் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கேஸில்தான்.

4

எலக்ட்ரீஷியன் டிரில்லோடு வந்தான். இவர் வாசலை அடைத்து நின்றார்.

"அக்கா வரச் சொன்னாங்கண்ணே. புது அவனுக்கு சுவத்துல பாயிண்ட் போடணும்."

"அது நீ இல்லையா?"

"நான் எதுக்குண்ணே உங்க வீட்டுல வேகணும்?"

மாவுக் கையோடு வந்த மனைவிக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, கேக் பொட்டியைச் சொன்னேங்க! உங்களப் போய் அவன்னு சொல்வேனா?"

இங்கே முடித்தால் நகைச்சுவைத் துணுக்கு. முடித்தும் பார்த்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொட்டின்னே வச்சுக்குவோம். நீ சொன்னதெல்லாம் எனக்கு ஏன் அப்படியே பொருந்துச்சு?"

அவள் சிரிப்பு நின்றது.

5

மூன்று பதில்கள் எழுதினேன். 'பொருந்தலைங்க' பொய். 'பொருந்துதுதான்' என்றால் நானே தாங்கமாட்டேன். மூன்றாவது, "நீங்க இல்லாம இந்த வீட்டுல—" அதற்குமேல் வரவில்லை. கேஸா கரண்டா என்பதே எனக்கு இன்னும் தெரியாது. இது எப்படித் தெரியும்?

அவள் வாயைத் திறக்கிறாள். எலக்ட்ரீஷியனோ, புருஷன் பெண்டாட்டி விவகாரம் நமக்கு எதற்கு என்று, சுவரில் குறி போட்டு டிரில்லைத் தூக்கிவிட்டான். அது ஓடத் தொடங்கினால் அவள் சொல்வது அவர் காதில் விழாது. இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை அவர்.

டிரில்லின் பிளக் உங்கள் பக்கத்தில் இருக்கிறது.