இடப்பக்கமாகச் சுற்று

இலைகள் சரசரக்கின்றன என் இடுப்பில், பச்சைக் காகிதத்தை வெட்டி நூலில் கோத்த இலைகள், எந்த மரத்திலும் முளைக்காத இலைகள், பள்ளிக்கூடத்தில் ஆட்டம் பழக்குகிற குமரேசன் மாஸ்டர் பின்னால் நின்று முடிச்சை இறுக்குகிறார், அசையாத நில்லுடி, கிழிஞ்சுதுன்னா தோலை உரிச்சிருவேன் என்கிறார், வியர்வையில் சாயம் இறங்கி வயிறெல்லாம் பச்சை, தலையில் கோழி இறகு, கன்னத்தில் சுண்ணாம்புப் புள்ளி, எங்கள் மலையில் ஒருத்திகூட எந்தக் காலத்திலும் இப்படி ஒரு வேஷம் கட்டியதில்லை, என் அம்மா சேலையைத் தோளில் முடிந்து கட்டுவாள், இலையைச் சோறு வைத்துத் தின்னத்தான் பறிப்போம், ஆனால் மந்திரி வருகிறார், மலைசாதிப் பிள்ளைகள் என்றால் மந்திரிக்கு இலை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தன் பணம் யாருக்குப் போகிறது என்று பாவம் அவருக்கு எப்படி விளங்கும்.

உன்னைத்தாம்மா, கேக்குதா, என்று ஒரு குரல், கேட்கிறது, நான் பள்ளிக்கூடத்தில் இல்லை, கலெக்டர் ஆபீசில் இருக்கிறேன், இடுப்பில் இலை இல்லை, பக்கத்தில் என் மகள் ரேஷ்மி முழங்கால்மேல் கையை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு, சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுபோய் வைக்காவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு, அறைக்கு நடுவில் பெரிய மேஜை, மேஜையைச் சுற்றி மூன்று பேர், வழுக்கைத் தலை பெரிய அதிகாரி ஒருவர், ஃபைலைப் புரட்டுகிற கிளார்க் ஒருவர், மூன்றாவதாகக் கண்ணாடி போட்டவர், பழங்குடிகளைப் பற்றி ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கியவராம், நாங்கள் நாங்கள்தானா என்று சொல்ல வேண்டியவர் அவர், என் அம்மாவுக்குத் தெரிந்தது போதாது, ஊருக்கே தெரிந்தது போதாது, கண்ணாடிக்காரர் தலையாட்ட வேண்டும்.

உங்க சாமி பேரென்ன, செத்தா புதைப்பீங்களா எரிப்பீங்களா, எலி சாப்பிடுவீங்களா என்று கேட்கிறார், எலியைக் கேட்கும்போது கிளார்க் தலையைக் குனிந்து சிரிக்கிறான், சரி, உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு பார்க்கலாம், பேசினேன், ரொம்பத் தமிழா இருக்கேம்மா, நீ பேசறதப் பார்த்தா மலைக்காரி மாதிரியே தெரியலையே என்கிறார், தெரியாது சார், எப்படித் தெரியும், எங்கள் பேச்சில் தண்ணீர் கேட்டதற்குப் பள்ளிக்கூட ஹாஸ்டல் வார்டன் சரோஜினி வெயிலில் முட்டி போட வைத்தாள், இன்னொரு தரம் அந்தக் காட்டுப் பேச்சு வாயில வந்துச்சு, ராத்திரிச் சோறு கிடையாது என்றாள், வரவில்லை, பிறகு வரவேயில்லை, லீவில் வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்வேன், அப்பா எழுந்து விறகு பிளக்கப் போய்விடுவார், என் பெயரைக்கூடத் தலைமை ஆசிரியர் மாற்றிவிட்டார், இதெல்லாம் ஒரு பேரா என்று சொல்லி ஏதோ ஒரு அம்மன் பெயரை எழுதிக்கொண்டார், அந்தப் பெயர் அப்பாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. ஒரு அரசாங்கம் வந்து காடு உங்களுடையது இல்லை என்றது, அடுத்தது வந்து காட்டைவிட்டு இறங்கினால் மனுஷராக்குகிறோம் என்றது, அதற்கடுத்தது மலையின் இந்தப் பக்கம் இருந்தால் பழங்குடி அந்தப் பக்கம் இருந்தால் இல்லை என்று நடுவில் கோடு போட்டது, என் சித்தப்பன் பெண் எடுத்த ஊர் அந்தப் பக்கம், ஒரே சனம், ஒரே சாமி, அவர்கள் யாரென்று அரசாங்கத்துக்கு இன்னும் முடிவாகவில்லை, எல்லோரும் எங்களுக்கு நல்லது செய்யத்தான் வந்தார்கள், நல்லது செய்ய வருகிறவனைக் கண்டால் நான் இப்போதும் ரெண்டு அடி தள்ளி நிற்பேன், துடைத்துத் துடைத்துத் தேய்த்தவர்களே இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுகிறார்கள், எங்கேம்மா உன் அடையாளம் என்று.

பெரிய அதிகாரி கொட்டாவி விடுகிறார், அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம், சட்டம் போட்டு மாட்டியது, மலைவாழ் மக்களின் பாரம்பரிய நடனம் என்று கீழே எழுதியிருக்கிறது, இடுப்பில் பச்சை இலையோடு சிறுமிகள் வட்டமாக ஆடுகிறார்கள், ஒருத்தி வாயைத் திறந்து சிரிக்கிறாள், முன்பல் ஒன்று இல்லை, அந்த இடத்தில் எனக்கு இன்றும் பல் இல்லை, ரேஷ்மியும் பார்த்துவிட்டாள், அம்மா, அது, என்றாள், நான் அவள் கையை அழுத்தினேன், பேசாத இரு, அது நான்தான் என்று சொன்னால் அதற்கும் சாட்சி கொண்டுவா என்பார்கள்.

எங்கள் ஆட்டம் அதுவல்ல, எங்கள் ஆட்டத்தில் கத்தல் கிடையாது, குதிப்பு கிடையாது, குழல் ஊத, கொட்டு அடிக்க, பாதத்தைத் தரையோடு தேய்த்து வட்டமாகப் போவோம், கல்யாணத்துக்கும் சாமி நோன்பிக்கும் வலப்பக்கமாக, சாவுக்கு இடப்பக்கமாக, நடுவில் பிணத்தைக் கிடத்தி, பெற்ற பிள்ளைகள் முதலில், அதுதான் வழியனுப்புவது, சாவு இல்லாமல் இடப்பக்கமாகச் சுற்றக்கூடாது, உயிரோடு இருக்கிற ஆளைச் சுற்றினால் அது சாவைக் கூப்பிடுவது, தவழ்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும், குமரேசன் மாஸ்டருக்குத் தெரியாது, இதென்ன ஆட்டம், செக்கு சுத்தற மாதிரி, இதப் பார்த்தா மந்திரி தூங்கிருவாரு என்று சொல்லி ஹூ ஹூவென்று கத்திக் குதிக்கச் சொல்லிக் கொடுத்தார், நடுவில் விறகை அடுக்கிச் சிவப்புத் தாளுக்குள் பல்பு வைத்து நெருப்பு செய்தார், கேமராக்காரன் அந்தப் பக்கம் நிக்கிறான், எல்லாரும் இடப்பக்கமாச் சுத்துங்க என்றார், சார், அது சாவுக்குச் சுத்தறதுங்க சார் என்றேன், பிரம்பு முழங்காலுக்குக் கீழே விழுந்தது, எவன்டீ சாகறான் இங்க, சுத்து.

சுற்றினேன், சுற்றுகிறேன், மந்திரி கை தட்டுகிறார், வார்டன் சிரிடி சிரிடி என்று வாயசைக்கிறாள், சிரிக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கு வெளியே பலா மரத்தடியில் என் அப்பாவைக் கிடத்தியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது, மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவரைக் கம்பளியில் தொட்டில் கட்டி ஊர் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பள்ளிக்கூடத்து ஜீப்பைக் கேட்டிருக்கிறார்கள், மலையில் வேறு வண்டி இல்லை, ஜீப் நாற்காலி ஏத்திட்டு வரப் போயிருக்கு, மந்திரி போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாளாம் வார்டன், உள்ளே ஹூ ஹூ சத்தம், வெளியே அப்பா மக வந்தாளா என்று கேட்டாராம், எங்கள் பேச்சில், பிறகு கேட்கவில்லையாம். திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், மந்திரியின் கார் வளைவு திரும்பின பிறகு வார்டன் என்னைக் கூப்பிட்டாள், உங்கப்பா இறந்துட்டாராம், இலையெல்லாம் கிழியாமக் கழட்டிக் குடுத்துட்டுப் போ என்றாள், கழற்றிக் கொடுத்தேன், நடந்து ஊர் சேர்வதற்குள் மண் போட்டு மூடியாகிவிட்டது, ஆட்டமும் முடிந்துவிட்டது, முதலில் சுற்ற வேண்டியவள் வயிற்றில் பச்சைச் சாயத்தோடு குழிமேட்டில் நின்றேன், நான் இடப்பக்கமாச் சுத்திட்டேம்மா, அதனாலதான் என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, நீ சுத்தி சாகலே, ஜீப்பு வராத செத்தான் என்றாள், அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் பலா மரத்தடிக்கு வரும்போதெல்லாம் வலப்பக்கமாகவே போவேன், கனவில்கூட.

அந்தப் படத்துல இருக்கற மாதிரி ஆட்டம் ஏதாச்சும் தெரியுமா, ஆடிக் காட்டினா முடிவு பண்ணிரலாம், மத்ததெல்லாம் சந்தேகமாத்தான் இருக்கு என்று கண்ணாடிக்காரர் சுவரைக் காட்டுகிறார், இத்தனை வருஷமாகச் சாவுக்குச் சுற்றுகிற படத்துக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள், எங்கள் ஆள் எவன் பார்த்தாலும் சொல்லியிருப்பான், ஒருவனையும் இவர்கள் கேட்கவில்லை, ரேஷ்மிக்கு முகம் சிவந்துவிட்டது, எந்திரிம்மா, போலாம், எனக்கு இந்தச் சீட்டே வேண்டாம், இவனுங்க முன்னால நீ ஆட வேண்டாம் என்கிறாள், உக்காரு புள்ளே, சீட்டு உன்னுது, எதுக்கு விடணும் என்றேன், எழுந்து முந்தானையைச் செருகினேன், அதிகாரிகள் நாற்காலியைத் தள்ளப் பார்த்தார்கள், நீங்க எந்திரிக்க வேண்டாமுங்க சார், அப்படியே உக்காந்திருங்க, நடுவுல ஆள் இருந்தாத்தான் இந்த ஆட்டம் ஆட முடியும் என்றேன், ஓ, அப்படியா, என்று கண்ணாடிக்காரர் சந்தோஷமாகச் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வைத்தேன் காலை, இடப்பக்கமாக, சத்தம் இல்லை, குதிப்பு இல்லை, பாதம் தரையோடு தேய்கிறது, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் படித்தவள், நீங்கள் படிக்க வைத்தவள், ஆனாலும் சுற்றுகிறேன், வழுக்கைத் தலையைத் தாண்டி, கிளார்க்கைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, இது உனக்கப்பா, அன்றைக்கு விட்டுப்போனது, கிடத்தத்தான் நீ இல்லை, நடுவில் இருப்பதை வைத்து ஆடுகிறேன், ரேஷ்மி என் கால்களையே பார்க்கிறாள், எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்கிறாள், கண் விரிகிறது, பிறகு மெதுவாக நாற்காலிக் கையில் தட்டத் தொடங்குகிறாள், தப்பாத சாவுத் தாளம், என் இடுப்பில் ஒரு சரசரப்பும் இல்லை, பிரமாதம், இதுதான் ஒரிஜினல், எழுதிக்கோங்க என்று கிளார்க்கிடம் சொல்கிறார் கண்ணாடிக்காரர், வீடியோ சரியா விழலை, இன்னொரு சுத்து வாம்மா என்கிறார், வருகிறேன் சார், அதற்கென்ன, ஆளுக்கொரு சுற்று வருகிறேன்.