நீட்டிக் கூப்பிட்ட அக்கா

அந்தக் கைட்போர்டு கிளப்பில் யாருக்காவது அநியாயம் நடந்தால், அதைச் சொல்ல ஒரே ஒரு சொல்தான் உண்டு: 'ஆட்சேபணை'. பெரிய காற்றாடி இழுக்கிற இழுப்பில் பலகைமேல் பறந்துகொண்டு, வாயில் பாதி உப்புத் தண்ணீரோடு, உடனே, உரக்க, எதிராளி காதில் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அநியாயமே நடக்கவில்லை என்று அர்த்தம். முன்பெல்லாம் 'புரொட்டஸ்ட்' என்று கத்தினார்கள். விதிப்புத்தகத்தைத் தமிழாக்கியபோது அகராதியெல்லாம் புரட்டி இந்தச் சொல்லைப் பிடித்துப் போட்டவள், கிளப்பில் இருந்த அக்கா தங்கை இருவரில் பெரியவள்தான். கமிட்டி கைதட்டியது. கரையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களுக்கு எந்தச் சொல்லும் சுலபம்.

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளப் ஒருத்தரைத்தான் அனுப்பும்; அவள் வருஷா வருஷம் இரண்டாவதாக வந்து, அனுப்பப்படுகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் இந்த வருஷத்தோடு சரி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் பார்த்து அவளுக்குச் சரியான போட்டியாக வந்து நின்றவள் கூடப் பிறந்த தங்கை.

தேர்வுப் பந்தயத்தின் கடைசி மிதவையருகில்தான் வினை. வலக்கை முன்னால் இருக்க வருகிறவருக்கு வழி, இடக்கை முன்னால் இருக்க வருகிறவர் ஒதுங்க வேண்டும் என்பது விதி. சின்னவளுக்கு வலக்கை முன்னால் இருந்தது. பெரியவள் பார்த்தாள், இடம் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தங்கையின் மூக்கை உரசுகிற மாதிரி குறுக்கே போனாள். சின்னவள் நிலைதடுமாறித் தண்ணீரில் விழுந்தாள். விழும்போது, "அக்கா...ஆ...ஆ" என்று கத்தினாள். பெரியவள் திரும்பாமல் போய் முதலாவதாகக் கரையேறினாள்.

அன்று மாலை கிளப் மாடியில் விசாரணை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஈரத் துண்டுகளின் வாடை. காகிதம் பறக்கிறதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். பக்கத்தில் வக்கீல், குளிக்கிற நேரம் தவிரத் தண்ணீர் பக்கமே போகாதவர். அதனால்தான் நடுநிலையாக இருப்பார் என்று போட்டிருந்தார்கள்.

"நல்லா வாயத் தொறந்து சொல்லுங்கம்மா," என்றார் பல் டாக்டர், பழக்க தோஷத்தில். "ஆட்சேபணைன்னு சொன்னீங்களா?"

"அக்கான்னு சொன்னேன்," என்றாள் சின்னவள்.

"அது உறவுமுறை. ஆட்சேபணை ஆகாது."

"எங்க வீட்ல அதுதான் சார் ஆட்சேபணை. வேணும்னா அம்மாவக் கேளுங்க."

ஈரத்துணி வாங்கிப் போக வந்த அம்மா, பையும் கையுமாகச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் வயிற்றில் பிறந்ததுகள்.

"சும்மா கூப்பிடற அக்கா வேற, இது வேற," என்றாள். "இது கேட்டா நான் அடுப்ப அணைச்சிட்டு ஓடுவேன். பெரியவ ஏதோ வேலை பண்ணிட்டான்னு அர்த்தம்."

"எங்க, செஞ்சு காட்டுங்க," என்றார் வக்கீல்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் சும்மா அக்கா ஒன்று சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மற்றதை எடுத்து விட்டாள். கீழே யாரோ ஒருத்தி, "நான் ஒண்ணும் பண்ணலடி," என்று பதில் குரல் கொடுத்தாள்.

வக்கீல் அசரவில்லை. "அக்காவ ஒத்துக்கிட்டா, ஒத்தப் பிள்ளையா பொறந்தவங்க என்னன்னு கத்துவாங்க? விதி எல்லாருக்கும் சமமா இருக்கணும்ல?" பல் டாக்டர், தானும் ஒற்றைப் பிள்ளையாதலால், மிகவும் கலங்கிப்போனார்.

பிறகு பெரியவளைக் கேட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது என்ன நினைத்தாள்?

"சும்மா கூப்பிடறான்னு நெனச்சேன்," என்றாள் பெரியவள். பொய் அவ்வளவு வழவழவென்று வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"கூப்பிட்டா திரும்பிப் பாத்தியா?" என்று நடுவில் புகுந்தாள் அம்மா.

"இல்ல."

"அப்புறம் என்ன சார்? சும்மா கூப்பிட்டா உடனே திரும்புவா. தப்புப் பண்ணியிருந்தாதான் திரும்ப மாட்டா. சின்னதுலேருந்தே அப்படித்தான்."

அப்புறம் வக்கீல், திரும்பாமை பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்தார். ஆட்சேபணை தள்ளுபடி. பெரியவளுக்கே முதலிடம், அறிவிப்பை இப்போதே எழுதி ஒட்டுகிறோம் என்றார் பல் டாக்டர்.

பெரியவள் கீழே வந்து, குழாயடியில் பலகையைக் கழுவ ஆரம்பித்தாள். சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தாள், வரக் காணோம். பின்னால் சின்னவள் தன் காற்றாடியின் கயிற்றுச் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபத்தை நெடுநேரம் வைத்திருக்கத் தெரியாது.

"அக்கா," என்றாள். "இந்த முனையக் கொஞ்சம் பிடியேன்."

சும்மா அக்காதான். நீட்டல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. பெரியவளால் திரும்ப முடியவில்லை. கழுத்து மறுத்துவிட்டது. கழுவின பலகையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அப்புறம் அதை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

"நான் விலகிக்கறேன் சார். அவ எதுக்குக் கத்தினான்னு எனக்குத் தெரியும்."

பல் டாக்டர் பேனாவை வைத்தார். "தீர்ப்பு சொல்லியாச்சேம்மா."

"தீர்ப்ப மாத்தணும்னா அதுக்கும் ஆட்சேபணைதான்," என்றார் வக்கீல். "உரக்கச் சொல்லணும். எதிராளிக்குக் கேட்கணும். நீங்க போட்ட சொல்லுதான்."

பெரியவள் ஜன்னலைத் திறந்தாள். கடற்காற்று முகத்தில் அறைந்தது. "ஆட்சே..." என்று தொடங்கினாள். மீதியைக் காற்று வாயிலேயே திணித்தது. இன்னொரு முறை முயன்றாள், இருமல்தான் வந்தது. கீழே சின்னவள் குனிந்தபடி முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இந்தச் சொல்லையா தேடிப் பிடித்தோம் என்று பெரியவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"குட்டீ...ஈ...ஈ."

"இந்தச் சொல் செல்லாது," என்றார் வக்கீல்.

பல் டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு ஜன்னலுக்கு வந்தார். கீழே பார்த்தார். எழுதி வைத்திருந்த அறிவிப்பை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சின்னவள் கூப்பிட்டதுமே திரும்பிவிட்டிருந்தாள்.