கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

காலிங் பெல் அலறி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

வெளியே நின்ற நர்ஸுக்கு ஆச்சரியம். மூன்றாவது மாடி. உள்ளே இருப்பவர் எண்பதைத் தாண்டிய தனிக்கட்டை. இந்த மாதிரி வீடுகளில் பெல்லுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் போனில் வாட்ஸ்அப் குரூப்பின் குடும்பச் சண்டை ஒன்றையே படித்து முடித்துவிடுவாள் அவள்.

"வாங்கம்மா," என்றார் பெரியவர். இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், காலில் வழுக்காத செருப்பு.

எல்லாம் திட்டம். டிரைவிங் லைசென்ஸுக்கு வருபவர்களைச் சோதித்தே தலை நரைத்தவர் அவர். ஆபீஸில் அவருக்கு 'ஸ்பீட்பிரேக்கர்' என்று பட்டப்பெயர். ஸ்டீயரிங்கைத் தொடும் முன்பே, வண்டிக் கதவைத் திறக்கிற லட்சணத்தை வைத்து ஆளை எடை போட்டுவிடுவார். இவளும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும். சோதனை பெல்லிலேயே ஆரம்பம்.

முந்தின நாள் வெளியூரிலிருந்து மகன் போன் செய்திருந்தான். "அப்பா, நர்ஸ் முன்னாடி ஹீரோ வேஷம் போடாதீங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சிருக்கேன்."

"எனக்கு வீடு இருக்குடா."

"அத அவங்க சொல்லட்டும்."

நர்ஸ் பையைத் திறந்தாள். "பச்சைன்னா தனியா இருக்கலாம். சிவப்புன்னா கூடவே ஆள் வேணும். நடுவுல மஞ்சள்."

"சிக்னல் மாதிரி."

"அதேதான். ஆனா ஹாரன் அடிச்சா மார்க் குறைப்பேன்."

கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். செய்தார். காதில் வண்டு ரீங்கரித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்லையே."

"பெல்ட்ல ஆணியால புது ஓட்டை போட்டிருக்கீங்க."

"பெல்ட் நீண்டுடுச்சும்மா."

அவள் சிரிக்கவில்லை. "பேச்சுத்துணைக்கு யார் வருவாங்க?"

"யாரைச் சொல்ல? எப்பவும் கூட்டம்தான்."

அடுத்து நடை. கூடத்தில் இரண்டு கலர் டேப் ஒட்டி, ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த நடை. மிடுக்காக நடந்து முடித்தார்.

"ஒரு சந்தேகம்," என்றாள் நர்ஸ். "பெல் அடிச்சதும் திறந்தீங்க. கதவுக்குப் பின்னாடி நாற்காலி கிடக்கு. அங்கயே உக்காந்திருந்தீங்களா?"

மாட்டிக்கொண்டார். வேகமாகத் திறப்பதற்காக என்று ஒப்புக்கொண்டால், ஏமாற்றியது ஊர்ஜிதம். உண்மையைச் சொன்னால் அதைவிட அவமானம்.

அந்த நேரம் படியில் காலடி கேட்டது. தன்னையறியாமல் முணுமுணுத்தார். "மேல் வீட்டு டீச்சர். ஒரு செருப்புல வார் அறுந்திருக்கு."

நர்ஸ் கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். ஒரு பெண்மணி வலது செருப்பை இழுத்து இழுத்துப் படியேறிக்கொண்டிருந்தார்.

"அவங்ககூடப் பேசுவீங்களா?"

"அவசரமாப் போறவங்கம்மா."

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஒரு நாளில் படிகிற கறை இல்லை அது. நர்ஸ் அதைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

"அந்த நாற்காலிக்கு மார்க் போட ஃபாரத்துல இடமில்ல சார். மத்ததெல்லாம் சேர்த்து, பச்சை. நூலிழையில." பையின் ஜிப்பை இழுத்தாள். "இனி நான் வர வேண்டியதில்ல."

ஜெயித்துவிட்டார். வீடு அவருடையது. ஆனால் 'இனி வர வேண்டியதில்ல' என்றது மட்டும் காதிலேயே நின்றது.

அவரிடம் பாஸானவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. ஃபெயிலானவர்கள்தான் வந்தார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர் ஃபெயிலாகி ஃபெயிலாகியே குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். பாஸான அன்றோடு சரி. சாலையில் பார்த்தால்கூட நிறுத்தவில்லை.

"மஞ்சளுக்கு என்னம்மா செய்வீங்க?"

"மாசம் ஒருதடவை வந்து பார்ப்பேன்."

"நடையை இன்னொரு தரம் எடுக்கலாமா? மொதல்ல கொஞ்சம் ஓடிட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்டாப்வாட்ச் மறுபடி வெளியே வந்தது.

கணக்குப் போட்டு அடியெடுத்து வைத்தார். மெதுவாக. ரொம்ப மெதுவானால் சிவப்பு, வீடு போச்சு. பாதி தூரம் வரை கச்சிதம்.

அங்கே முழங்கால் மடங்கியது. இது திட்டத்தில் இல்லை. கை சுவரைத் தேடியது. எதிரே டேப் எங்கேயோ போய்விட்டது போலிருந்தது. நர்ஸ் ஓரடி முன்னால் வந்து, தொடாமல் நின்றாள். அவர் சுவரை விட்டார். ஒரு காலை இழுத்து, இன்னொன்றை வைத்து, டேப்பைத் தாண்டினார்.

கிளிக்.

"என்ன கலரும்மா?"

"நடிச்சீங்களா?"

"பாதி வரைக்கும்."

"பாதிக்கு அப்புறம் பார்த்ததத்தான் எழுதறேன்." எழுதினாள். "மஞ்சள். வீட்லயே இருங்க. சுவர்ல பிடிக்கக் கம்பி போடணும், உங்க பையன்கிட்ட நான் பேசறேன். அடுத்த மாசம் வரேன்."

"வந்து?"

"மறுபடி நடக்க வைப்பேன். மொதல் தடவை நடந்தீங்களே, அந்த மாதிரி நடிச்சா சிவப்பு போட்டுடுவேன்."

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் இறங்கும் சத்தம் கேட்டது. ரப்பர் அடி, தட்டையான மிதி, படிக்கட்டுத் திருப்பத்தில் பையைத் தோள் மாற்றும் சிறு நிறுத்தம். மனப்பாடம் செய்துகொண்டார்.

கீழே கேட் மூடியது. அப்புறம் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும்.